பழைய வீட்டில் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வைப்பது: எவ்வளவு, எதில், எங்கே?

பள்ளத்தூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக செட்டிநாட்டு வீட்டில் ஆத்தா இருக்கிறார்கள். வயது எண்பதை நெருங்குகிறது. நுரையீரல் கோளாறு, ராத்திரி முழுக்க ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின் கருவி) ஓட வேண்டும். துணைக்கு ஒரு அம்மா கூடவே தங்கியிருக்கிறார். நான் சென்னையில். காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டரில் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று இருக்கிறது. அது ராத்திரி முழுக்கத் தாங்காது என்பதால் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிவிட்டேன்.

இப்போது கேள்வி எரிபொருள். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் கட்டில் (முன்பகுதியைத் தாண்டிய உள்பகுதியில்) பூட்டியே கிடக்கும் அறைகள் உண்டு. அதில் ஒன்றில் 50 லிட்டர் வாங்கி வைத்துவிட்டால் மழைக்காலம் முழுக்கக் கவலை இல்லை என்று பங்காளி ஒருவர் சொல்கிறார். தண்ணீர் கேன்களில் ஊற்றி வைக்கலாம் என்பது அவர் யோசனை. எனக்கு மனசு ஒப்பவில்லை. கதவு, நிலை, உத்தரம் எல்லாம் பர்மா தேக்கு. அந்த வீட்டுக்குள் பெட்ரோல் வைக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரிமளம் விவசாயி

தம்பி, எரிபொருள் கையில் இருக்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்தே வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது புதுக்கோட்டைப் பக்கம் நாங்கள் பட்டது எங்களுக்குத் தெரியும். கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. டவுனுக்குக் கரண்ட் வந்த பிறகும் உள்கிராமங்கள் நாள் கணக்கில் இருட்டில்தான் இருந்தன. மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டருக்குத் தெருத்தெருவாகக் காத்திருந்தோம். மரம் விழுந்து ரோடு அடைபட்டதால் பெட்ரோல் பங்குக்குப் போவதே பெரும்பாடு.

அதனால் குறைவாக வை என்று யார் சொன்னாலும் யோசித்துக் கேளுங்கள். 50 லிட்டர் ஒன்றும் அதிகமில்லை. எங்கள் வயல் கொட்டகையில் டிராக்டருக்கு டீசல் எப்போதும் இருக்கும்.

காக்கி ஓய்வு, காரைக்குடி

தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பங்காளி சொன்ன யோசனையை விட்டுவிடுங்கள். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்காக இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பெட்ரோல், ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டரைத் தாண்டக் கூடாது. பாத்திரத்துக்கும் விதி உண்டு. கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மிகாமல், உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல், இறுக மூடியிருக்க வேண்டும். தண்ணீர் கேன் இந்தக் கணக்கிலேயே வராது. வண்டி டேங்கிலும் என்ஜினோடு சேர்ந்த டேங்கிலும் இருப்பதற்கு இந்த 30 லிட்டர் கட்டுப்பாடு பொருந்தாது.

30 லிட்டர் என்பது வீட்டுக்குள் வைக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு. அவ்வளவும் வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெட்ரோல் தானாக எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. மைனஸ் 40 டிகிரிக்குக் கீழேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. நம் ஊர் வெயிலில், மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் நாள் முழுக்க ஆவி கசிந்துகொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு தரையாகத் தவழ்ந்து பள்ளத்தில் தங்கும்.

இப்போது உங்கள் இரண்டாம் கட்டு அறையை நினைத்துப் பாருங்கள். ஒரே கதவு, உயரமான நிலைப்படி, மேலே சின்னதாக ஒரு காற்றுத்துளை இருந்தால் அதிகம். கனமான ஆவி வெளியேற வழியே இல்லை. நிலைப்படி அதைத் தடுத்து உள்ளேயே நிறுத்திவிடும். காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே தீப்பிடிக்கும் கலவை ஆகிவிடுகிறது. கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்றை அப்படி ஆக்கும். எட்டடிக்கு ஆறடி, பத்தடி உயரம் உள்ள அறை கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதாவது ஒரு லிட்டர் கசிந்தால் போதும். யாராவது கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டால் அந்தச் சின்னப் பொறியே பற்றவைத்துவிடும். 50 லிட்டரை அந்த அறையில் வைத்து, பக்கத்தில் ஆத்தாவைப் படுக்கவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அரிமளத்து அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருடைய டீசல் வயல் கொட்டகையில் இருக்கிறது, வீட்டுக்குள் இல்லை. வித்தியாசமே அதுதான்.

புதுவயல் அரிசி ஆலை

காக்கி ஐயா சொன்னது பெட்ரோலுக்குச் சரி. டீசல் ஜெனரேட்டராக மாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்தது இல்லையா? டீசல் சட்டப்படி பி வகுப்பு, அதாவது பெட்ரோல் அளவுக்குச் சீக்கிரம் தீப்பற்றாத வகை. மொத்தம் 2500 லிட்டர் வரை லைசென்ஸ் தேவையில்லை. எங்கள் ஆலையில் வருஷக்கணக்கில் வைத்திருக்கிறோம், ஒரு தொந்தரவும் இல்லை.

காக்கி ஓய்வு, காரைக்குடி

டீசல் பெட்ரோலைவிடப் பாதுகாப்பானது, சந்தேகமில்லை. ஆனால் நம் நாட்டு டீசலுக்கு வைத்திருக்கும் அளவுகோல், தீப்பற்றும் ஆவி வரத் தொடங்கும் வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதுதான். மண்ணெண்ணெய்க்கும் அதே 35. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் வெளியிலேயே 38, 40 அடிக்கிறது. தகரக் கொட்டகைக்குள் இன்னும் கூடுதலாக இருக்கும். அதனால் டீசல் பற்றாது என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பி, சமையலறைச் சுவரோரம் யாரும் டிரம் வைக்காதீர்கள். நிழல், காற்றோட்டம், நெருப்பிலிருந்து தூரம் எல்லாம் டீசலுக்கும் வேண்டும்.

தம்பி ஏற்கெனவே பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிவிட்டார். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

தேவகோட்டை மெக்கானிக்

அண்ணே, முதலில் எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். எல்லோரும் கேனை வாங்கிவிட்டு அப்புறம்தான் கணக்குப் போடுகிறார்கள்.

நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் ஆக்சிஜன் தரும் வகை கான்சன்ட்ரேட்டர் 350 வாட் இழுக்கும். ஒரு ஃபேன், இரண்டு எல்இடி விளக்கு, மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்தாலும் 600 வாட்டுக்குள் அடங்கும். அந்த லோடில் 2 கேவிஏ பெட்ரோல் செட் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஒரு ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் ஆறிலிருந்து எட்டு லிட்டர். செட்டின் டேங்க் நிறைந்திருந்து, பக்கத்தில் ஒரு பத்து லிட்டர் கேன் இருந்தால் இரண்டு ராத்திரி தாராளமாக ஓட்டலாம். அதற்குள் காரைக்குடி போய் வர ரோடு திறந்துவிடும். 50 லிட்டர் எதற்கு?

பேட்டரி பற்றி ஒன்று. பகலில் மூன்று மணி நேரம் செட்டை ஓட்டிப் பேட்டரியை ஏற்றிக்கொண்டால் ராத்திரிக்குப் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சாதாரண இன்வெர்ட்டர் 15 ஆம்பியர் அளவில்தான் ஏற்றும். மூன்று மணி நேரத்தில் 45 ஏஎச், அதாவது 150ல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நீங்கள் எரித்த பெட்ரோலுக்கு அது கட்டாது. அந்தக் காசுக்கு இன்னொரு பேட்டரி போட்டு, மொட்டை மாடியில் இரண்டு சோலார் பேனல் வைத்தால் கேன் எடுக்கும் வேலையே பாதி குறையும். நான் ஜெனரேட்டர் சர்வீஸ் செய்து பிழைக்கிறவன்தான், இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

வீட்டு வயரிங்கில் செட்டைச் சேர்ப்பதாக இருந்தால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (மெயின் லைனும் செட்டும் ஒரே நேரத்தில் சேராமல் மாற்றிவிடும் சுவிட்ச்) கட்டாயம். இரண்டு பக்கமும் பிளக் மாட்டிய வயரைச் சுவர் பாயிண்டில் செருகி ஓட்டுவதை நம் பக்கம் நிறையப் பேர் செய்கிறார்கள். அந்தக் கரண்ட் திரும்பி மெயின் லைனுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போகும்போது உயர் அழுத்தமாக மாறும். புயலில் நனைந்தபடி கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் உயிர் போய்விடும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கோட்டையூர் மருமகள்

அடுப்படிப் பக்கமும் யாராவது சொல்லுங்கள். எங்கள் மாமியார் மழைக்கு முன்னால் கூடுதலாக ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கி, மாடிப்படிக்கு அடியில் படுக்கவைத்து வைக்கச் சொல்கிறார்கள். அப்புறம் பழைய ஸ்டவ்வுக்கு என்று சீமெண்ணெய் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலில் அலமாரியில் இருக்கிறது. வீட்டில் நான்கு வயதுப் பையன் ஓடியாடித் திரிகிறான்.

செவிலி, காரைக்குடி

மருமகளே, இதைப் படித்த கையோடு அந்தப் பாட்டிலை எடுத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். தாகத்தில் தண்ணீர் என்றோ கலர் என்றோ நினைத்துச் சீமெண்ணெய் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் இறங்குவதுதான் ஆபத்து. அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர், மோர், தேங்காயெண்ணெய் எதுவும் கொடுக்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தால் அது மறுபடி தொண்டை வழியே வந்து நுரையீரலில் இறங்கும். நனைந்த சட்டையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே 108ஐக் கூப்பிடுங்கள். குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

பெரியவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பைக்கில் டியூப்பை விட்டு வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பார்கள். அந்த வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். கையால் அமுக்குகிற சின்ன பம்ப் கடைகளில் கிடைக்கிறது.

காக்கி ஓய்வு, காரைக்குடி

சிலிண்டர் விஷயம். வீட்டு இணைப்பில் 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு இருக்கலாம், அதற்கு மேல் சேர்க்க வேண்டாம். எப்போதும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். படுக்கவைத்தால் திரவமாக இருக்கும் கேஸே வால்வு பக்கம் வந்து நிற்கும். கசிந்தால் அது ஆவியாகிச் சுமார் 250 மடங்கு விரியும். சமையல் கேஸும் காற்றைவிடக் கனம். மாடிப்படிக்கு அடியில் காற்றே புகாத மூலையில் அது தேங்கி நிற்கும். அடுப்படியைத் தாண்டி, நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் வெயில் படாமல் நிறுத்துங்கள். உபயோகத்தில் இல்லாத சிலிண்டரின் மூடி நூலோடு சேர்ந்து அதன் மேலேயே மாட்டியிருக்க வேண்டும்.

சிலிண்டர் வாங்கும்போது மேல் வளையத்தின் தகட்டில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் வருஷத்தின் கடைசி இரண்டு எண்களும் இருக்கும், பாருங்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி அடுத்த மூன்று மாதம், அப்படியே டி வரை. அந்த சிலிண்டரை அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்பது அது. அந்தக் காலம் தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்த பிறகு 1906க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இருக்கும் எண் அது.

அரிமளம் விவசாயி

சமையலுக்கு ஏன் மூன்றாவது சிலிண்டர் என்று எனக்குப் புரியவில்லை. செட்டிநாட்டு வீட்டில் விறகு அடுப்பு இல்லாத பின்கட்டு உண்டா? கஜா சமயத்தில் எங்கள் தெரு முழுக்கச் சாப்பிட்டது தென்னை மட்டையிலும் பாளையிலும் பொங்கிய சோறுதான். மழைக்கு முன்னால் காய்ந்த விறகு ஒரு கட்டு நனையாமல் அடுக்கிவிடுங்கள். தரையோடு போடாமல் கல் வைத்து அதன் மேல் அடுக்குங்கள், அடியில் பாம்பு தங்காது. எடுக்கும்போது குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள்.

காக்கி ஓய்வு, காரைக்குடி

அருமையான யோசனை அண்ணே. பெட்ரோல் கேனை அந்த விறகுக் கொட்டில் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

பள்ளத்தூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. 50 லிட்டரும் தண்ணீர் கேனும் ரத்து. இன்னும் இரண்டு கேள்வி. பத்து லிட்டர் கேனை எங்கேதான் வைப்பது? அப்புறம் மழை கொட்டும்போது ஜெனரேட்டரை வளவு வாசலில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், ஓட்டலாமா? மேலே திறந்தவெளிதான், சுற்றிலும் பத்தி (ஓடு வேய்ந்த தாழ்வாரம்) இருப்பதால் செட்டும் நனையாது. துணைக்கு இருக்கும் அம்மாவுக்கு இருட்டில் தோட்டம் வரை போக வேண்டியதில்லை.

காக்கி ஓய்வு, காரைக்குடி

கூடாது தம்பி. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து வீடுகளில் நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

மேலே வானம் தெரிவதால் வளவு வாசல் வெளி ஆகிவிடாது. நாலு பக்கமும் பத்தி, பத்தியைச் சுற்றி வரிசையாக அறைக் கதவுகள். ஓடு சரிந்து இறங்குவதால் புகை பத்திக்குள்ளேயே சுழலும். மழைக்காற்று அதைக் கீழே அழுத்தும். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஆரம்பிக்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுகூடத் தெரியாது. முகப்புத் திண்ணையும் அப்படியே, நடை வழியாகப் புகை நேரே உள்ளே வரும்.

தோட்டத்தில், எந்தக் கதவு ஜன்னலிலிருந்தும் 20 அடிக்குக் குறையாத தூரத்தில் வையுங்கள். நாலு கால் நட்டு, மேலே ஒரு ஷீட் போடுங்கள். பக்கச் சுவர் வேண்டாம். புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். அங்கிருந்து நல்ல கனமான வயர் இழுத்துக்கொள்ளலாம்.

கேனுக்கு என்றே தோட்டத்தின் இன்னொரு மூலையில், வேம்போ புளியோ நிழல் தரும் இடத்தில், செங்கல்லில் மூன்றடிக்குச் சின்ன அறை மாதிரி கட்டிக்கொள்ளுங்கள். கீழே தரையோரமும் மேலேயும் ஓட்டை விட வேண்டும். கனமான ஆவி கீழ் ஓட்டை வழியாகத்தான் வெளியேறும், அதனால் கீழே உள்ளதை அடைத்துவிடாதீர்கள். பூட்டு போடுங்கள். கிணற்றிலிருந்தும் விறகிலிருந்தும் தள்ளி இருக்கட்டும்.

இன்னொன்று. நம் வீடுகளில் வளவு வாசலில் விழும் மழைத் தண்ணீர் போவதற்குத் தரைக்கு அடியில் வழி வைத்திருப்பார்கள். சில இடங்களில் கிணற்றுக்கு, சில இடங்களில் தெரு வழியாக ஊருணிக்கு. வீட்டுக்குள் பெட்ரோலோ டீசலோ கொட்டினால் அந்த வழியாக ஆவியும் போகும், எண்ணெயும் போகும். ஊரே குடிக்கும் தண்ணீர் அது.

செவிலி, காரைக்குடி

புகை பற்றி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஆத்தா விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கும். அதை நம்பி ஏமாற வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. 97, 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும்போது ஆள் மயங்கிக் கிடக்கலாம். செட் ஓடும்போது வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள்.

பள்ளத்தூர் அண்ணே, ஆத்தாவுக்கு மாற்று ஏற்பாடாக ஜெனரேட்டரை மட்டும் நம்பாதீர்கள். ராத்திரியில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அந்த அம்மா தனியாக என்ன செய்வார்? பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வாங்கியோ வாடகைக்கோ வையுங்கள். அதில் சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் என்று டாக்டர் சொல்லியிருந்தால் பன்னிரண்டரை மணி நேரம் வரும். ஒரு முழு ராத்திரியைப் பெட்ரோலே இல்லாமல் கடந்துவிடலாம். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், டாக்டர் சொன்னதுதான்.

ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிகிறதை வெறியோடு எரிய வைக்கும். அந்த அறையில் குத்துவிளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி எதுவும் ஆகாது. சிலிண்டர் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது. பெட்ரோல் ஊற்றிவிட்டு வந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஆத்தா அறைக்குள் போக வேண்டும், முடிந்தால் சேலையையும் மாற்றிக்கொள்ளட்டும்.

கடைசியாக, புயல் என்று அறிவிப்பு வந்தால் கரையைக் கடக்கும் வரை காத்திருக்காதீர்கள். முதல் நாளே ஆத்தாவைக் காரைக்குடியில் கரண்ட் தடைப்படாத ஆஸ்பத்திரிக்கோ உறவினர் வீட்டுக்கோ கூட்டிவந்துவிடுங்கள். எத்தனை லிட்டர் வைத்திருந்தாலும் அதற்கு ஈடாகாது.

அரிமளம் விவசாயி

கடைசியில் சொன்னதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். நோயாளி இருக்கும் வீடு என்றால் முன்கூட்டியே கிளம்புவதுதான் சரி. ஆனால் நடமாட்டமுள்ள குடும்பம், மாடு கன்று வைத்திருப்பவர்கள் வீட்டைவிட்டு எங்கே போவது? எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு நாள் கணக்கு போதாது. அதில் நான் மாறவில்லை. டீசல் வயல் கொட்டகையில் இருக்கத்தான் செய்யும்.

தேவகோட்டை மெக்கானிக்

அது உங்கள் நிலைமை அண்ணே, தப்பில்லை.

பள்ளத்தூர் அண்ணனுக்குக் கேன் விவரம். நல்ல மூடியும் வாஷரும் உள்ள உலோக ஜெர்ரி கேன் பத்து லிட்டரில் வாங்குங்கள். பெயின்ட் வந்த டின்னைக் கழுவி எடுத்துக்கொள்ளும் வேலை வேண்டாம். பங்கில் முதலிலேயே கேட்டுவிட்டுப் போங்கள், பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்ற மாட்டார்கள். கேனைக் கார் டிக்கியிலோ பைக்கிலோ வைத்தபடி நிரப்பக் கூடாது. கீழே தரையில் வைத்து, பைப் முனை கேனைத் தொட்டபடியே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் நிலை மின்சாரம் சேர்ந்து பொறி வரும். விளிம்பு வரை ஊற்றாதீர்கள். பத்து லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் 200 மில்லி அளவுக்கு விரியும், அதற்கு இடம் வேண்டும். ஒன்பது லிட்டரோடு நிறுத்துங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுபோவது குற்றம், சொந்த வண்டியில் ஜன்னலைத் திறந்துவைத்து நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

செட் ஓடும்போது பெட்ரோல் ஊற்றவே கூடாது. அணைத்து, கால் மணி நேரமாவது ஆறவிட்டு, அப்புறம்தான். கொதிக்கிற சைலன்சரில் இரண்டு சொட்டு விழுந்தால் போதும். அதனால் இருட்டுவதற்கு முன்னாலேயே டேங்கை நிரப்பிவிடும் பழக்கம் நல்லது. மொபைல் டார்ச்சோ தலையில் மாட்டும் விளக்கோ வைத்துக்கொள்ளுங்கள், அரிக்கேன் விளக்கோடு யாரும் பக்கத்தில் வரக் கூடாது.

கோட்டையூர் மருமகள்

பாட்டிலை எடுத்தாயிற்று. சிலிண்டரையும் நிமிர்த்தி வெளித் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டோம். இந்த இழையை மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன், 1906ஐ அவர்களே அடுப்படிக் கதவில் எழுதி ஒட்டிவிட்டார்கள். ஒரு கேள்வி, தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?

காக்கி ஓய்வு, காரைக்குடி

பெட்ரோல், டீசல், சமையல் எண்ணெய் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் தண்ணீர் மேல் மிதந்து, தீயோடு சேர்ந்து ஓடும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் 4 அல்லது 6 கிலோவில் ஒன்று வாங்குங்கள். பின்னை உருவி, தீயின் மேல்நுனியில் அடிக்காமல் அடியில் அடிக்க வேண்டும். இரண்டு வாளியில் உலர்ந்த மணலும் இருக்கட்டும். இவற்றை எரிபொருளுக்குப் பக்கத்திலேயே வைத்தால் தீப்பிடித்ததும் எடுக்க முடியாது. வீட்டிலிருந்து அங்கே போகும் வழியில் வையுங்கள். ஒரு தீயணைப்பான் தீர்ந்தும் அடங்கவில்லை என்றால் விட்டுவிட்டு வெளியே வந்து 101 அல்லது 112. தேக்கு மச்சும் கதவும் பற்றிவிட்டால் வீட்டார் கையால் அணைக்க முடியாது.

பள்ளத்தூர்க்காரன்

முடிவு இதுதான். பத்து லிட்டர் உலோகக் கேன் ஒன்று, தோட்டத்து மூலையில் செங்கல் அறை. கொத்தனாரிடம் பேசிவிட்டேன், கீழ் ஓட்டையைப் பற்றி இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். ஜெனரேட்டருக்கு நாலு கால் ஷீட். பி டைப் சிலிண்டர் காரைக்குடியில் வாடகைக்குப் பேசியாயிற்று. பேட்டரி இன்னொன்று சேர்க்கிறேன், சோலார் தை மாதத்துக்குப் பிறகு. துணைக்கு இருக்கும் அம்மாவை வைத்து, நான் ஊரில் இருக்கும்போதே பகலில் ஒரு தடவை முழுசாக ஓட்டிப் பார்க்கப் போகிறோம். புயல் அறிவிப்பு வந்தால் ஆத்தா தங்கை வீட்டுக்கு. ஆத்தாவிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. மழைக்காலம் முடிந்தும் கேனில் பெட்ரோல் அப்படியே இருந்தால் என்ன செய்வது? அடுத்த வருஷத்துக்கு வைக்கலாமா?

தேவகோட்டை மெக்கானிக்

வைக்காதீர்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் இன்னும் அதிகமாக. ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். அந்தப் பெட்ரோலை ஊற்றினால் செட் தேவைப்படும் நாளில் ஸ்டார்ட் ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். கேன் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். பழையதைக் காரிலோ பைக்கிலோ பாதிக்கு மேல் புதுப் பெட்ரோல் இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஓட்டித் தீர்த்துவிடலாம். கலங்கலாகவோ அடியில் தண்ணீர் மாதிரியோ தெரிந்தால் வண்டியில் ஊற்றாமல் என்னைப் போன்ற ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். வாய்க்காலிலோ மண்ணிலோ கொட்ட வேண்டாம்.

செட்டையும் சும்மா வைக்காதீர்கள். மாதம் ஒரு தடவை கால் மணி நேரம் லோடோடு ஓட்டச் சொல்லுங்கள். கோடையில் பல மாதம் தொடப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் வால்வை மூடி, தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டால் கார்புரேட்டரில் பிசின் பிடிக்காது. வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் எல்லோரும் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் கேனையும் டேங்கையும் காலி செய்துவிட்டுத்தான் போக வேண்டும். பள்ளத்தூருக்கு நான் வாரம் ஒரு தடவை வருகிறேன் அண்ணே, சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடும் அன்றைக்குச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனோடு நானும் வந்து பார்க்கிறேன்.